கோபுரம் பார்க்கத் தஞ்சாவூர்தான் போகணுமா?

ஜூலை 6

ஒரு வாசகர் கேட்டது: "வருஷக் கடைசி விடுமுறைக்குத் தஞ்சாவூர், மதுரை பக்கம் குடும்பத்தோடு போகிறோம். பிள்ளைகளுக்கு உண்மையான கோயில் கட்டடக்கலையைக் காட்ட வேண்டும் என்று ஆசை. இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் இருப்பதெல்லாம் சிமெண்டும் பெயிண்டும்தானே. ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் நின்று அண்ணாந்து பார்க்க என்ன இருக்கிறது? யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்."

ஜூலை 6, இரவு

தப்பாகத்தான் நினைக்கிறேன், தம்பி. தஞ்சாவூருக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போனால் அங்கேயும் ஒன்றும் கண்ணில் படாது.

நான் வேன் ஓட்டுகிறவன். கோயில் சுற்றுலா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் உண்டு. பயணிகள் உள்ளே அர்ச்சனை முடித்துப் பிரசாதம் வாங்கி, அப்புறம் செருப்பைத் தேடி எடுத்து வரும்வரை காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. அப்படிக் காத்திருந்தே கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில், தேவாலயம் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாயிற்று. முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கம் போங்கள். மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, சாயங்கால வெயில் எங்கே விழுகிறது, வாசல் ஏன் அந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். கல்லா சிமெண்டா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு.

ஜூலை 7

சிமெண்ட் என்றால் மட்டம் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மதுரைக் கோபுரங்களை நினைவில் வைத்துக்கொண்டுதான் எழுதினீர்களா? அங்கே அடித்தளம்தான் கல். அதற்கு மேல் நீங்கள் அண்ணாந்து பார்க்கிற அத்தனையும் செங்கல், அதன் மேல் சுதை, அதன் மேல் வண்ணம். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. அந்த உயரத்துக்குக் கல்லையே அடுக்கிக்கொண்டு போனால் பாரம் தாங்குமா என்று பார்த்துத்தான் மேலே போகப் போகக் கனம் குறைவாகக் கட்டினார்கள். பழைய சுதையில் சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். நம் ஊரில் அந்த இடத்துக்குச் சிமெண்ட் வந்தது. வேலை முறை அதேதான்.

எங்கள் டவுன் கோயிலில் திருப்பணி நடந்தபோது சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு ஸ்தபதி அம்மனின் கை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். முதலில் கம்பி. விரலுக்கு ஒரு கம்பி வளைத்துக் கட்டினார். அதன் மேல் கொஞ்சம் சாந்து, காயவிட்டு இன்னும் கொஞ்சம். சாந்து இறுகுவதற்குள் ஒரு சின்னக் கரண்டியின் முனையால் நகத்தைக் கீறினார். கீழே நிற்கிற யாருக்கும் அந்த நகம் தெரியப்போவதில்லை. "எதுக்குங்க இது?" என்று கேட்டேன். "இல்லேன்னா கை கையா இருக்காதுங்க" என்றார். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அது முறை. அதுவரை எல்லாச் சாமியும் பார்வையில்லாமல் வரிசையாக நிற்கும்.

ஜூலை 7, இரவு

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதிய அக்காவுக்கு: விழும். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது, 200 அடிக்கு மேல் உயரம், அதற்கு நிழல் இல்லாமல் எங்கே போகும்? ஒரு மத்தியானம் அந்த நிழலில் உட்கார்ந்துதான் நான் தண்ணீர் குடித்தேன். நிழல் விழாத கோபுரமென்றால் எங்களைப் போன்றவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது?

ஜூலை 9

தோட்டத்துக் கோயில் பற்றிக் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று அந்தத் தம்பி குறைப்பட்டிருக்கிறார். சரி, சொல்கிறேன்.

நான் பிறந்த தோட்டம் சுங்கைப்பட்டாணிக்கு வெளியே. கித்தா (ரப்பர்) மரம் இருந்த காலத்தில் மாரியம்மன் கோயில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கும் நடுவில் இருந்தது. ஆரம்பத்தில் மரத்தடிக் கல்லாக இருந்ததாம். அப்புறம் நாலு கால், தகரக் கூரை. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் சுவர் எழும்பி, மேலே ஒரு சின்ன விமானம் வந்துவிட்டது. அதைக் கட்டியது ஸ்தபதி இல்லை. தோட்டத்து ஆள் ஒருவர், கொத்து வேலை தெரிந்தவர். வண்ணம் லயத்துக்கு அடிக்க வந்ததில் மிச்சமான பச்சை. அம்மன் முகம் கொஞ்சம் அகலம். வாசலில் நிற்கும் துவாரபாலகர் மீசையைப் பார்த்தால் அந்தக் காலத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவரின் சாயல் நன்றாகவே தெரியும். வேண்டுமென்றே செய்தாரா தெரியாது. மண்டோருக்கு மட்டும் கடைசிவரை அது பிடிக்கவில்லை.

விமானத்தின் பின்பக்கம், யாரும் போகாத மூலையில், ரப்பர்ப் பால் வாளியோடு ஒரு பெண் சிலை. ஆகமத்தில் இல்லாத பெண். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் கோபுரத்தில் காக்கிச் சட்டை போட்ட சிப்பாய்களைப் பார்த்திருப்பீர்கள். இது அந்த வகை. கட்டினவன் தன் கண்முன் இருந்தவர்களையும் மேலே ஏற்றி வைத்துவிட்டான். தஞ்சாவூர் போகும் பிள்ளைகளுக்கு முதலில் இந்த வாளிக்காரியைக் காட்டுங்கள். சாமிகளுக்கு நடுவே சாதாரண ஆட்களைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் எந்தக் கோபுரத்தின் முன்னாலும் அலுக்காது.

லயம் இப்போது இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. சனங்கள் தாமானுக்கு, அதாவது டவுன் குடியிருப்புக்கு, குடிபோய்விட்டார்கள். கோயில் அங்கேயே இருக்கிறது.

ஜூலை 12

திசையைப் பற்றி ஒன்று. நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை. அப்படியானால் உள்ளே போகும் நாம் மேற்கு நோக்கி நடக்கிறோம். கெடாவிலிருந்து மக்கா மேற்கே, கொஞ்சம் வடக்குத் தள்ளி இருக்கிறது. ஆகவே பள்ளிவாசலில் தொழுகிறவரும் ஏறக்குறைய அதே பக்கம்தான் முகம் வைத்திருக்கிறார். என் வேன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கோயிலுக்குள் போகிற ஆத்தாவும் பள்ளிவாசலுக்குள் போகிற பாக்சிக்கும் (மலாய்ப் பெரியவர்) ஒரே திசையில் நடக்கிறார்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். டவுனில் சாலை ஒரு பக்கம் போக, பள்ளிவாசல் கோணலாகத் திரும்பி நிற்பதைப் பார்த்து, ஏன் நேராகக் கட்டவில்லை என்று சிலர் கேட்பார்கள். சாலைதான் கோணல், பள்ளிவாசல் நேராகத்தான் இருக்கிறது. சுற்றுமதிலைச் சாலைக்குப் பொருத்தி, தொழும் கூடத்தை மட்டும் திருப்பியிருந்தால் நடுவே முக்கோணமாக இடம் மிஞ்சும். அங்கே செருப்பு அலமாரியோ மோட்டார் சைக்கிள் நிறுத்தமோ வந்திருக்கும். போய்ப் பாருங்கள்.

ஜூலை 13

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் மேற்குப் பார்த்ததாச்சே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், மேற்குதான். எல்லாக் கோயிலும் கிழக்கு என்று நான் எங்கே சொன்னேன்? பெரும்பாலும் என்றுதானே எழுதினேன்.

ஜூலை 20

அலோர்ஸ்டாருக்குச் சவாரி போயிருந்தேன், அதனால் ஒரு வாரமாக ஆளைக் காணோம். ஸாஹிர் பள்ளிவாசல் எதிரே நல்ல நிழல். 1912இல் கட்ட ஆரம்பித்து 1915இல் திறந்தது. சுமத்ராவில் லங்காட்டில் இருக்கிற அஸீஸி பள்ளிவாசலின் சாயலில் கட்டியது. கறுப்புக் குவிமாடங்கள் ஐந்து, இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுக்கு. 1821இல் சயாம் (தாய்லாந்து) படையோடு மோதி இறந்த கெடா வீரர்களை அடக்கம் செய்த நிலம் அது. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் குவிமாடத்தைத்தான் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது சுற்றி ஓடுகிற தாழ்வாரம். வளைவுக்குப் பின் வளைவாகப் போகும். வெளியே கொளுத்துகிற வெயில், இரண்டு அடி உள்ளே வைத்தால் காற்று. வடக்கே வயல்காட்டு வெயிலில் நின்றவனுக்குத்தான் அந்த இரண்டு அடியின் அருமை தெரியும்.

கோலக்கங்சார் உபூடியா பள்ளிவாசல் இதைவிட அழகு என்று பேராக் அண்ணன் வம்புக்கு இழுக்கிறார். அழகுதான், மறுக்கவில்லை. ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது. கோலாலம்பூர் ஜாமெக் பள்ளிவாசல், அங்கேயே ரயில் நிலையம், ஈப்போ ரயில் நிலையம் எல்லாம் அவர் கைதான். ரயிலுக்குக் காத்திருக்கும்போது அண்ணாந்து பார்த்தால் பள்ளிவாசலின் சாயல் தெரிவது இதனால். உபூடியாவுக்கு இத்தாலியிலிருந்து பளிங்கு வந்து இறங்கியது. பேராக் சுல்தான் இட்ரிஸின் யானையும் அரச குடும்பத்து ராஜா சூலானின் யானையும் சண்டை போட்டுக்கொண்டு அதன் மேலேயே ஓடிவிட்டன. மறுபடி பளிங்குக்குச் சொல்லி அனுப்பினால் முதல் உலகப்போர். 1917இல்தான் முடிந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பே சுல்தான் இட்ரிஸ் காலமாகிவிட்டார். குத்தகைக்காரர் காலதாமதத்துக்குச் சொல்கிற காரணங்களில் நான் கேட்டதிலேயே நல்லது இந்த யானைக் காரணம்தான்.

ஜூலை 21

நாம் உள்ளே போகலாமா என்றால், தொழுகை நேரம் இல்லாதபோது பல பெரிய பள்ளிவாசல்களில் விடுவார்கள். அங்கி கொடுப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் நின்றுகொண்டு விடவில்லை என்று புகார் எழுதாதீர்கள். நம் கோயிலில் தீபாராதனை நேரத்தில் யாராவது முன்னால் வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

குவிமாடம் இருந்தால்தான் பள்ளிவாசல் என்றும் நினைக்க வேண்டாம். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748. மூன்று அடுக்குக் கூரை, கூம்பாக ஏறிப் போகும். மினாரா சீனப் பகோடா மாதிரி. மழை கொட்டுகிற தேசத்தில் கூரை சரிவாக இருப்பதுதான் புத்தி. அதே தெருவில் 1781இல் வந்த பொய்யாத விநாயகர் கோயில். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளுடையது.

ஆகஸ்ட் 3

இத்தனை எழுதியும் பக்கத்து வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக் போக அரை மணிக்குமேல் ஆகாது. குனோங் ஜெராய் அடிவாரத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. பழைய கோயில் இடிபாடுகளுக்கு இங்கே அதுதான் பெயர். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டினார். 1959, 60இல் அலஸ்டர் லாம்ப் கல்லைக் கல்லாகச் சேர்த்து மறுபடி எழுப்பினார். சிவன் கோயில் என்பதே பெரும்பாலோர் கருத்து.

முதல் தடவை போகிறவர்கள் முகம் சுருங்கிப்போகும். இவ்வளவுதானா என்பார்கள். சிலை இல்லை, கோபுரம் இல்லை, கூரைகூட இல்லை. இடுப்பளவுக் கல்மேடை. அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். கருவறை இருந்த விமானப் பகுதி, அதற்கு முன்னால் மண்டபம். நம் டவுன் கோயிலின் அதே வரிசை. மண்டபத்துத் தரையில் கல் பீடங்கள் வரிசையாக இருக்கும், தூண்களுக்காக. கல் தூண் அல்ல, மரம். மேலே கூரையும் மரமும் ஓலையுமாக இருந்திருக்கும் என்கிறார்கள். மரம் மக்கிப் போய்விட்டது, மரம் நின்ற இடம் மட்டும் கல்லில் இருக்கிறது. மலாய் வீட்டுக் கல்-மரக் கட்டுமானத்தையும் இந்தியக் கோயிலின் தரைத் திட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்த ஆள் யாரோ இங்கே இருந்திருக்கிறான். இதைத் தஞ்சாவூரில் பார்க்க முடியாது.

நான் வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். ஓடைச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். அபிஷேகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

பக்கத்தில் அருங்காட்சியகம். வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த சண்டிகளும் அந்த வளாகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது சண்டி 11 இடிக்கப்பட்டது வெளியே தெரிந்து பெரிய கூச்சலானது. ஆயிரம் வருஷத்துக் கல்லும் நேற்றைய தோட்டத்து மாரியம்மனும் மண்வாரி இயந்திரத்துக்கு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 4

மெர்போக் சண்டி ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். 1025இல் அவருடைய கப்பற்படை கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, தாக்கியது, அது சரி. மெர்போக்கைச் சுற்றியுள்ள பூஜாங் பள்ளத்தாக்குச் சின்னங்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பரவிக் கிடப்பவை. சோழர் வருவதற்கு முன்பே புத்த சமயக் கட்டடங்களும் இங்கே இருந்தன. எல்லாவற்றையும் ஒரு ராஜா பெயரில் எழுதிவிட்டால் நமக்குப் பெருமை, ஆனால் இங்கே மரம் வெட்டித் தூண் நட்டவனுக்கு ஒன்றும் இல்லாமல் போகிறது.

ஆகஸ்ட் 10

சீனக் கோயில் பற்றி எழுதச் சொன்ன பினாங்கு அக்கா, இதோ. வாசலில் உயரமான மரத் தடுப்பு இருக்கும், அதை மிதிக்காமல் தாண்டணும். நம் வீட்டு நிலைப்படியை மிதிக்காதே என்று ஆத்தா அடித்துச் சொன்னது பழக்கமானதால் எனக்குக் கஷ்டம் இல்லை. கதவில் இரண்டு காவல்காரர்கள், துவாரபாலகரின் பங்காளிகள். கூரை முகட்டில் டிராகன், பூ, பறவை எல்லாம் பீங்கானை நறுக்கி நறுக்கிப் பதித்தது. அதனால்தான் மழையில் நனைந்தாலும் வண்ணம் மங்காது. நம் சுதைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தோடு வண்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் அந்தப் பீங்கானைக் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

பினாங்கில் கூ கோங்சி, கூ என்ற சீனக் குலத்தாரின் கோயில் மண்டபம், பார்க்காதவர்கள் பாருங்கள். முதலில் கட்டியது 1901இல் எரிந்துபோனது, இப்போது இருப்பது 1906இல் முடிந்தது. முன்பு கட்டியது அரண்மனை மாதிரி மிதமிஞ்சி இருந்ததால் தெய்வக் குற்றமாகிவிட்டது என்று கொஞ்சம் அடக்கமாகக் கட்டினார்களாம். இப்போதிருப்பதே அடக்கம் என்றால்! அதே பினாங்கில் கெக் லோக் சி புத்தக் கோயிலின் பகோடா 1930. அடி சீனம், நடு தாய்லாந்து, முடி பர்மா. மூன்று ஊர்க்காரர்கள் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் ஏறி நிற்கிறார்கள்.

செம்பனைக் காட்டுச் சாலை ஓரத்தில் சிவப்புக் கூண்டு ஒன்று இருக்கும், டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்துக்கு. உள்ளே சொங்கோக் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் உருவம், வழிபடுகிறவர் சீனர், படையலில் பன்றி இறைச்சி கிடையாது. அதற்கு நாலு அடி தள்ளி நம் முனீஸ்வரர் சூலத்தோடு இருப்பார். மொத்தக் கட்டடமும் என் வேன் டயர் உயரம்கூட இல்லை. அதையும் நிறுத்திப் பார்க்கணும்.

ஆகஸ்ட் 24

பளபளப்புப் பெயிண்ட் பற்றி எழுதச் சொல்லி வம்பு. எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கோயில், பெயர் வேண்டாம். போன திருப்பணியில் பழைய சுதை உருவங்களை உடைத்து எடுத்துவிட்டு, அச்சில் வார்த்த புதுச் சிலைகளை வைத்தார்கள். எல்லா முகமும் ஒரே முகம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிர்வாகத்திடம் கேட்டதற்கு, செலவு குறைவு, வேலை சீக்கிரம் என்று பதில். அது பொய்யும் இல்லை. ஸ்தபதியை வரவழைத்து, பெர்மிட் எடுத்து, மாதக்கணக்கில் சோறு போட்டு வேலை வாங்க எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை என் மனது கொஞ்சம் மாறிவருகிறது. 2018இல் பத்துமலையின் 272 படிகளுக்கும் வண்ணம் அடித்தபோது முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். அதே மாதம் வேனில் வந்த ஒரு பாட்டி, முழங்கால் வலிக்காரி, அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு, "அடியே, எம்பூட்டு அழகா இருக்கு" என்று பேத்தியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பாதிதான் ஏறினார். கீழே வந்து அடுத்த முறை மீதி என்றார். பழையதைக் காப்பது வேறு, ஏறுகிறவருக்குச் சந்தோஷம் தருவது வேறு. இரண்டும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. உருவத்தை உடைக்காதவரை வண்ணத்துக்கு நான் சண்டை போடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 25

கருங்கல்லில் கட்டிய புதுக்கோயில் வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தான் சக்தி தேவஸ்தானம் இருக்கிறது, 51 சக்தி பீடத்து அம்மன்களோடு. கல்லில் நுணுக்க வேலை கண்ணைப் பறிக்கும். போகலாம். எனக்கு இன்னும் வாளிக்காரிதான்.

செப்டம்பர் 2

கேள்வி கேட்ட தம்பி பிள்ளைகளோடு மெர்போக் போய் வந்ததாக எழுதியிருக்கிறார். சின்னவள் நம் டவுன் கோயிலின் வடக்குச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைக் காட்டி, "அப்பா, இது குழாயா?" என்று கேட்டாளாம். அது கோமுகி. கருவறையில் செய்கிற அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் வழி. கிழக்குப் பார்த்த சன்னதியில் அது வடக்கே இருக்கும். குழாயா என்று கேட்டதில் ஒன்றும் தவறில்லை. குழாய்தான்.

வருஷக் கடைசிப் பயணத்துக்கு இரண்டு விஷயம். மதுரையில் காலையில் கிழக்குக் கோபுரத்தையும் சாயங்காலம் மேற்குக் கோபுரத்தையும் பாருங்கள், மாற்றிப் போனால் எதிர்வெயிலில் உருவமெல்லாம் கறுத்துத் தெரியும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரத்தில் வெளியே சுற்றிப் பார்க்கலாம். கோயிலுக்குள் கைப்பேசி விடமாட்டார்கள், வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, சாமி இல்லாத ஆளாகப் பார்த்து ஒன்று வரைந்துகொண்டு வரச் சொல்லுங்கள். வந்ததும் இங்கே போடுங்கள்.

விமான நிலையத்துக்கு வேன் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாரம் முழுக்கக் கல்யாணச் சவாரி, மன்னிக்கணும்.